பெயர்ப்பலகைக்குப் பின்னால்

(ஜமைக்கா நாட்டில் ஒரு சிறு தொழிலின் பதிவும் உரிமமும்)

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்

வணிகச் சட்டம் பயிலும் மாணவர் எவரும் 69ஆம் பிரிவை எளிதில் மறப்பதில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் வரும் பிரிவு அது. பதிவு செய்துகொள்ளாத கூட்டாண்மை நிறுவனம், தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியார் ஒருவர் மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் வெளியார் அந்நிறுவனத்தின் மீது தாராளமாக வழக்குத் தொடுக்கலாம். தேர்வுக்கு இதைப் படிக்கிறோம், விடையை எழுதுகிறோம், மதிப்பெண் பெறுகிறோம். அத்தோடு அதை மறந்தும் விடுகிறோம். எனினும் அப்பிரிவின் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. ஒரு தொழிலைப் பதிவு செய்வது யாருக்காக? வரி வாங்கும் அரசுக்காகவா? கடை நடத்தும் மனிதருக்காகவா?

இந்தக் கேள்வியை நம் நாட்டை விட்டுச் சற்று விலகி நின்று பார்ப்பது நல்லது எனத் தோன்றியது. நம்மைப் போலவே பிரித்தானியரிடமிருந்து சட்டப் புத்தகத்தைப் பெற்றுக்கொண்ட நாடு, ஆனால் அளவில் மிகச் சிறிய நாடு ஒன்றை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாக விளங்கும். அத்தகைய நாடு ஜமைக்கா. கரிபியன் கடலில் கியூபாவுக்குத் தெற்கே உள்ள தீவு. 1655 முதல் பிரித்தானியர் கையில் இருந்து, 1962 ஆகஸ்டு 6ஆம் நாள் விடுதலை பெற்றது. மக்கள் தொகை ஏறத்தாழ 28 இலட்சம். மைக்கேல் ஹோல்டிங்கின் பந்து வீச்சாலும், உசேன் போல்ட்டின் ஓட்டத்தாலும் நம் விடுதி மாணவர்களுக்குக்கூட அறிமுகமான நாடுதான் அது.

அந்நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனை ஒட்டிய ஹாஃப் வே ட்ரீ என்னும் பேருந்துகள் கூடும் பகுதியில் ஓர் அம்மையார் மதிய உணவுக் கடை வைக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அரிசியும் பயறும் சேர்த்து வேகவைத்த சோறு, பொரித்த மீன், அக்கீ என்னும் பழத்தோடு உப்புக்கருவாடு சேர்த்த கறி ஆகியவை அவர் விற்கப்போகும் பண்டங்கள். கடைக்கு ஒரு நல்ல பெயரும் மனத்தில் வைத்திருக்கிறார். இவர் என்னென்ன செய்ய வேண்டும்? அவர் கூடவே நாமும் நடந்து பார்ப்போம்.

பெயரும் ஆளும்

முதலில் பெயர். ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே வாணிபம் செய்தால் வணிகப் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறொரு பெயரைப் பலகையில் எழுதினால்தான் பதிவு வேண்டும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு வரலாறு உண்டு.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. ஆங்கிலப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் பகை நாட்டவர் ஒளிந்து வாணிபம் செய்கின்றனர் என்ற அச்சம் அக்காலத்தில் பரவியிருந்தது. ஆகவே, பலகையில் உள்ள பெயர் வேறு, உடைமையாளர் பெயர் வேறு என்றால், உண்மையான ஆள் யார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. எழுதி வைக்கத் தவறியவருக்குத் தண்டம் உண்டு. அதனினும் பெரிய தண்டனை ஒன்றும் உண்டு. அவர் தம் தொழில் சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றிக்கொள்ள இயலாது. தவறு கவனக்குறைவால் நேர்ந்தது என்று காட்டினால் நீதிமன்றம் மன்னித்து வழிவிடலாம். ஆனால் அவருக்கு எதிராகப் பிறர் வழக்கிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் 69ஆம் பிரிவின் சாயல் இங்கே தெரிகிறதல்லவா?

அந்த அச்சில் வார்க்கப்பட்டதே ஜமைக்காவின் 1934ஆம் ஆண்டு வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டம். இதில் ஒரு சுவையான செய்தி: பிரித்தானியா தன் நாட்டுப் பெயர்ப் பதிவேட்டை 1980களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. தாய் வீட்டில் இல்லாது போன பழக்கம் மகள் வீட்டில் தொடர்கிறது.

இப்பதிவை நடத்துவது ஜமைக்கா நிறுமங்கள் அலுவலகம். அதன் தலைமையகம் கிங்ஸ்டனில் உள்ளது. நம் அம்மையார் அங்கே சென்று, தாம் நினைத்த பெயர் வேறெவராலும் எடுக்கப்படாததா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். பிறகு படிவம், கட்டணம். வணிகப் பெயர்ச் சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும்; பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்வதுண்டு. பெயரைப் பதிவு செய்துவிட்டால் அப்பெயர் தமக்கே சொந்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. இப்பதிவு, இந்தப் பெயருக்குப் பின்னால் இன்னார் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே. பெயரையோ சின்னத்தையோ தம் உடைமையாகக் காத்துக்கொள்ள வேண்டுமானால், ஜமைக்கா அறிவுசார் சொத்து அலுவலகத்தில் வணிகச் சின்னமாகத் தனியே பதிய வேண்டும்.

எந்த வடிவம்?

அடுத்து, தொழிலின் வடிவம். நம் பாடப்புத்தகத்தில் உள்ள அதே மூன்று வடிவங்கள்தாம்: தனியாள் வணிகம், கூட்டாண்மை, நிறுமம். முதல் இரண்டும் வணிகப் பெயர்ச் சட்டத்தின்கீழ் வருவன. நிறுமம் 2004ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தின்கீழ் வருவது. அச்சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

தனியாள் வணிகத்தில் செலவு குறைவு, எழுத்து வேலையும் குறைவு. ஆனால் கடையின் கடன் வீட்டின் கடன். கடை நொடித்தால் கடன் கொடுத்தவர் அம்மையாரின் கட்டில், பெட்டி வரை கை வைக்கலாம். நிறுமத்தில் அப்படியில்லை. 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கை நாம் படித்திருக்கிறோம். நிறுமம் என்பது உறுப்பினரினின்று வேறான ஒரு சட்ட மனிதன். அதன் கடனுக்கு உறுப்பினர் தாம் ஒப்புக்கொண்ட பங்குத் தொகை வரைதான் பொறுப்பு. இக்கொள்கை ஜமைக்காவிலும் அப்படியே செல்லும்.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. நிறுமப் பதிவுக்கு ஆகும் கட்டணம் வணிகப் பெயர்ப் பதிவுக்கு ஆவதைப் போலப் பன்மடங்கு. ஆண்டுதோறும் ஆண்டறிக்கைப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வாணிபமே நடக்காத ஆண்டிலும் செய்ய வேண்டும். நிறுமத்தின் உண்மையான பயனாளி யார் என்ற விவரத்தையும் தர வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கொண்டுவந்தது. 2023இல் அது மேலும் இறுக்கப்பட்டது. பங்குதாரர் என்று ஒருவர் பெயர் இருக்கும். பணம் வேறொருவருடையதாக இருக்கும். அந்த வேறொருவரைக் காட்டு என்கிறது சட்டம். 1916இல் கேட்ட கேள்வியும் இதுதான், இன்று கேட்கும் கேள்வியும் இதுதான்: பெயருக்குப் பின்னால் இருப்பது யார்?

வாடகை இடத்தில், ஒரே ஓர் உதவியாளரோடு சோறு விற்கும் நம் அம்மையாருக்குத் தனியாள் வணிகமே போதும். அதையே அவர் தேர்ந்துகொள்கிறார் எனக் கொள்வோம்.

ஐந்து வாயில்களும் ஒரே படிவமும்

ஒரு தலைமுறைக்கு முன்பு இவர் ஒரு கட்டு காகிதங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பெயருக்கு ஓர் அலுவலகம், வரிக்கு ஓர் அலுவலகம், காப்புறுதிக்கு ஒன்று, வீட்டு வசதி நிதிக்கு ஒன்று, பயிற்சி நிதிக்கு ஒன்று. ஒவ்வொரு வாயிலிலும் அதே பெயர், அதே முகவரி, அதே கையெழுத்து. ஒரு நாள் அலைச்சல் என்பது அன்றாடம் விற்றுப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வருவாய் இழப்பு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

2014ஆம் ஆண்டில் இம்முறை மாற்றப்பட்டது. நிறுமங்கள் அலுவலகத்தில் ஒரே தொழிற்பதிவுப் படிவம் தந்தால் போதும். அதிலுள்ள விவரங்கள் மற்ற அலுவலகங்களுக்கும் சென்று சேரும். அந்நாட்டு மக்கள் அதற்கு 'சூப்பர் படிவம்' என்றே பெயர் வைத்துவிட்டனர். அப்படிவம் திறக்கும் வாயில்கள் எவை, அவை ஒவ்வொன்றும் எதற்காக என்று பார்ப்போம்.

ஒன்று, வரி செலுத்துவோர் பதிவெண். ஒன்பது இலக்கம் கொண்ட இந்த எண் ஜமைக்காவில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வேண்டும். இதை வழங்குவது அந்நாட்டு வரி நிர்வாகத் துறை.

இரண்டு, தேசியக் காப்புறுதித் திட்டம். 1966இல் தொடங்கியது. முதியோர் ஓய்வூதியம், நோயால் உழைக்க இயலாதவர்க்கு உதவி ஆகியவை இதிலிருந்து வருவன. தொழிலாளி தம் ஊதியத்தில் 3 விழுக்காடும், முதலாளி 3 விழுக்காடும் செலுத்த வேண்டும் என்பது 2021 ஏப்ரலில் வந்த விகிதம்.

மூன்று, தேசிய வீட்டு வசதி நிதி. 1976இல் நிறுவப்பட்டது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 3 விழுக்காடு. செலுத்துவோர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

நான்கு, ஹார்ட் எனப்படும் பயிற்சி நிதி. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவது இதன் வேலை. மாத ஊதியத் தொகை 14,444 ஜமைக்கா டாலருக்கு மேற்பட்ட முதலாளிகள் 3 விழுக்காடு தர வேண்டும். இந்த வரம்பு ஒரு காலத்தில் சிறு முதலாளிகளைக் காக்க வைக்கப்பட்டது. ஆனால் 2024 ஜூன் மாதம் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 15,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆகவே முழு நேரமாக ஒரே ஓர் ஆளை வைத்தாலும் வரம்பு தாண்டிவிடுகிறது. வேலி அங்கேயே நிற்க, பயிர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

ஐந்து, பொது நுகர்வு வரி. 1991இல் வந்தது. பொது விகிதம் 2020 ஏப்ரல் முதல் 15 விழுக்காடு. இது எல்லாருக்கும் அன்று. ஆண்டு விற்பனை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் இவ்வரிக்குப் பதிய வேண்டும். அந்த அளவு 2019இல் 30 இலட்சம் டாலரிலிருந்து ஒரு கோடி டாலராகவும், 2024 ஏப்ரலில் ஒன்றரைக் கோடி டாலராகவும் உயர்த்தப்பட்டது. சிறு கடைகள் பெரும்பாலும் இதன் கீழேயே நின்றுவிடும்.

இவற்றோடு கல்வி வரி என்று ஒன்றும் உண்டு. தொழிலாளி 2.25 விழுக்காடு, முதலாளி 3.5 விழுக்காடு.

கணக்குப் பார்ப்போமா? அம்மையார் தம் உதவியாளருக்கு மாதம் 60,000 ஜமைக்கா டாலர் ஊதியம் தருகிறார் என்று கொள்வோம். காப்புறுதிக்கு 1,800; வீட்டு வசதி நிதிக்கு 1,800; பயிற்சி நிதிக்கு 1,800; கல்வி வரி ஏறத்தாழ 2,000. ஆக ஊதியத்துக்கு மேல் ஏறத்தாழ 7,400 டாலர் தம் கையிலிருந்து தர வேண்டும். உதவியாளரின் ஊதியத்திலிருந்து பிடித்ததையும் சேர்த்து, மறு மாதம் 14ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தம் சொந்த வருமான வரியை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் 15ஆம் தேதிக்குள், நான்கு தவணையாக முன்மதிப்பிட்டுச் செலுத்த வேண்டும். கணக்குப் புத்தகம் ஒன்று இல்லாமல் இவற்றைச் செய்ய முடியாது. நம் துறை மாணவர்கள் வேண்டாவெறுப்பாக எழுதும் இரட்டைப் பதிவுக்கு அங்கே ஒரு பயன் இருக்கிறது.

உரிமம் என்பது வேறு

பதிவையும் உரிமத்தையும் பலர் ஒன்றாகவே பேசுவர். இரண்டும் வேறு. பதிவு, 'நான் இன்னார்' என்று சொல்வது. உரிமம், 'இந்தத் தொழிலை இந்த இடத்தில் செய்யலாம்' என்று பிறர் நமக்குச் சொல்வது. பதிவில் அரசு குறித்துக்கொள்கிறது. உரிமத்தில் அரசு சோதித்துப் பார்க்கிறது.

ஜமைக்கா 14 பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றின் உள்ளாட்சி மன்றங்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகராட்சிக் கழகங்களாயின. தலைநகர்ப் பகுதிக்குக் கிங்ஸ்டன் - செயின்ட் ஆண்ட்ரூ நகராட்சிக் கழகம். ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய வணிக உரிமக் கட்டணம் உள்ளாட்சிக்கு உரியது. சந்தையிலோ தெருவிலோ விற்பதானால் அதற்கான அனுமதியும் அங்கேதான் பெற வேண்டும்.

உணவு விற்பவருக்கு இன்னும் ஒரு படி உண்டு. பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த உணவு கையாளுதல் விதிகளின்படி, உணவைத் தொடும் ஒவ்வொருவரும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சுகாதாரத் துறை நடத்தும் அமர்வுக்குச் சென்று, தூய்மை பற்றிய விளக்கவுரை கேட்டு, சோதனைக்கு உட்பட்டபின் அது கிடைக்கும். ஓராண்டுக்குத்தான் செல்லும். கடைக்கும் தனி உரிமம் வேண்டும். தண்ணீர், கழிப்பிடம், குப்பை, எலி, ஈ ஆகிய எல்லாவற்றையும் ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

இதெல்லாம் வீண் தொல்லை அல்லவா என்று கேட்கலாம். அக்கீப் பழத்தைக் கொண்டு விடை சொல்லலாம். அது ஜமைக்காவின் தேசியப் பழம். மரத்திலேயே பழுத்துத் தானாக வாய் பிளந்த பின்னரே அதைப் பறித்து உண்ண வேண்டும். பழுக்காத காயில் ஹைப்போகிளைசின் என்னும் நஞ்சு உள்ளது. அது இரத்தத்தில் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்து வாந்தியையும் மயக்கத்தையும், சில வேளை மரணத்தையும் உண்டாக்கும். அமெரிக்க நாடு இதை அஞ்சியே 1973ஆம் ஆண்டு அக்கீ இறக்குமதியைத் தடை செய்தது. பதனிடும் ஆலைகள் நம்பத்தக்க முறைகளைக் கைக்கொண்ட பிறகுதான் 2000இல் வழி திறந்தது. இத்தகைய பண்டத்தைச் சமைப்பவர், எது காய் எது கனி என்று அறிந்தவர்தானா என்பதை உண்பவர் எப்படி அறிவார்? அவர் சார்பில் யாரேனும் ஒருவர் கேட்டாக வேண்டும். சுவரில் மாட்டிய உரிமம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்குச் சாட்சி.

அம்மையார் சோற்றோடு மதுவும் விற்க நினைத்தால் அதற்குத் தனி உரிமம். சுற்றுலாப் பயணிகளுக்கென ஊர்தியோ, விடுதியோ, கடற்கரை விளையாட்டோ நடத்துவோருக்குச் சுற்றுலா வாரியத்தின் உரிமம். தொழில் எந்த அளவுக்குப் பிறர் உயிரையும் உடலையும் தொடுகிறதோ, அந்த அளவுக்கு உரிமங்களும் கூடுகின்றன.

சந்தையின் பழைய கதை

இத்தனை வழிகள் செப்பனிடப்பட்டும், ஜமைக்காவின் சிறு வணிகர்களில் மிகப் பலர் இன்னும் பதிவேட்டுக்கு வெளியேதான் நிற்கின்றனர். இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அத்தீவின் சந்தை, அதன் பதிவேட்டை விடப் பழையது.

அடிமை முறை நிலவிய காலத்தில் ஜமைக்காவின் கரும்புத் தோட்ட முதலாளிகள், அடிமைகளுக்கு உணவளிக்கும் செலவைக் குறைக்க, மலைச்சரிவில் சிறு நிலத்தை ஒதுக்கிக் கிழங்கும் காய்கறியும் அவர்களையே பயிரிட்டுக்கொள்ளச் செய்தனர். மிஞ்சியதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சுமந்து சென்று விற்றனர். தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத மக்கள், விலை பேசி, பணம் எண்ணி, வாடிக்கை பிடித்தனர். 1838இல் முழு விடுதலை வந்தபோது, அவர்கள் கையில் இருந்த தொழில் அறிவு அந்தச் சந்தை அறிவுதான். அதன் வழித்தோன்றல்களே 'ஹிக்லர்' எனப்படும் சந்தைப் பெண்கள். மலையூர்களில் விளைந்ததை வாங்கி, கிங்ஸ்டனின் கொரோனேஷன் சந்தை போன்ற இடங்களுக்குக் கொண்டுவந்து ஊருக்குச் சோறூட்டியவர்கள் அவர்கள். மானிடவியல் அறிஞர் சிட்னி மின்ட்ஸ் இவர்களது வாணிபத்தை விரிவாக ஆராய்ந்தவர்.

1970களின் பிற்பகுதியில் அந்நாட்டில் அயல்நாட்டுச் செலாவணிப் பஞ்சம் ஏற்பட்டுக் கடைகளில் பொருள்கள் அருகியபோது, இப்பெண்களில் பலர் விமானம் ஏறினர். மியாமிக்கும் பனாமாவுக்கும் சென்று துணி, செருப்பு, சோப்பு முதலியவற்றை மூட்டை கட்டி வந்து விற்றனர். 1980களில் அரசு இவர்களையும் பதிவு செய்ய முற்பட்டது. அதற்காக வைத்த பெயரைக் கேளுங்கள்: 'முறைசாரா வணிக இறக்குமதியாளர்'. முறைப்படி பதிவு செய்து, முறைசாராதவர் என்று சான்று தருவது! இப்பெயரில் ஒரு தயக்கம் தெரிகிறது. அரசுக்கு அவர்களிடமிருந்து சுங்க வரி வேண்டும். ஆனால் அவர்களை வணிகர் என்று முழு மனத்துடன் அழைக்க நா எழவில்லை.

அவர்களுக்கென வங்கியும் கிடையாது. ஆகையால் தமக்குத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டனர். அதற்கு அங்கே 'பார்ட்னர்' என்று பெயர். பலர் சேர்ந்து வாரந்தோறும் ஒரே தொகை போடுவர்; திரண்ட பணத்தை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வர்; நம்பிக்கைக்குரிய ஒருவர் நடுநின்று நடத்துவார். நம் வீட்டுப் பெண்மணிகளிடம் சொன்னால், "இது நம்ம சீட்டுதானே!" என்பார்கள். எழுத்தில்லை, பிணையில்லை, முகம்தான் உறுதி.

இத்தகைய உலகில் நூறாண்டுக்கு மேலாகப் பழகிய ஒருவரிடம் சென்று 'படிவம் நிரப்பு' என்றால், 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்பது நியாயமே. முன்பு அதற்குக் கிடைத்த விடை பெரும்பாலும் வரிச் சீட்டாகவே இருந்தது. 2014இல் அந்நாடு விதித்த குறைந்தபட்சத் தொழில் வரி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 60,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அது. சிறு நிறுமங்களுக்கு அது பெரும் சுமையாயிற்று. 2019இல் அவ்வரி நீக்கப்பட்டது.

இங்கே இன்னொன்றும் கூற வேண்டும். உலக வங்கி வெளியிட்டு வந்த, தொழில் நடத்தும் எளிமை பற்றிய அறிக்கைகளில், தொழில் தொடங்கும் வசதிக்கு ஜமைக்கா உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வைக்கப்பட்டது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அந்த அறிக்கை அளந்தது எதை? நாட்டின் பெரிய வணிக நகரில், பத்து முதல் ஐம்பது ஊழியர்களோடு தொடங்கும் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய ஒரு நிறுமத்தை. நம் சோற்றுக்கடை அம்மையாரை அந்த அளவுகோல் அளக்கவே இல்லை. சுகாதார அனுமதிக்கும் சந்தை இடத்துக்கும் அவர் நடந்த நடை அதில் இல்லை. புள்ளிவிவரங்களில் முறைகேடு நடந்ததாகக் கண்டறியப்பட்டபின் அவ்வறிக்கையே 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தரவரிசையில் உயர்வது வேறு. வாசற்படி தாழ்வது வேறு.

உள்ளே வந்தால் என்ன கிடைக்கும்?

இப்போது நம் அம்மையாரின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல முயல்வோம்.

முதலாவது, வழக்கிடும் உரிமை. அருகிலுள்ள அலுவலகம் ஒன்று மாதக் கணக்கில் ஐம்பது பேருக்கு மதிய உணவு வாங்கிக்கொண்டு, இறுதியில் பணம் தர மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலகைப் பெயரில் ஒப்பந்தம் செய்தவர் அப்பெயரைப் பதிந்திருந்தால் நிமிர்ந்து நீதிமன்றம் செல்லலாம். பதியாதவர், முதலில் தம் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பிறர் குற்றத்தைச் சொல்ல முடியும்.

இரண்டாவது, கடன். நிலமோ வீடோ இல்லாதவருக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவது உலக வழக்கம். ஜமைக்கா 2013இல் ஒரு சட்டம் இயற்றி, 2014 ஜனவரி முதல் அசையும் பொருள்களையும் பிணையாக வைத்துக் கடன் பெற வழி செய்தது. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, தையல் இயந்திரம், வண்டி, வரவேண்டிய பணம் ஆகியவற்றையும் ஈடாகக் காட்டலாம். அந்த ஈட்டுரிமைகளைப் பதியும் பதிவேட்டை நடத்துவதும் அதே நிறுமங்கள் அலுவலகம்தான். பெயரைப் பதிய வந்த வாசலே கடனுக்கும் வாசலாகிறது.

மூன்றாவது, பெரிய வாடிக்கை. வரி நிலுவை இல்லை என்னும் சான்றிதழ் இருந்தால் அரசு நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடலாம். பள்ளிக்கூட உணவு, மருத்துவமனைச் சலவை போன்ற ஒப்பந்தங்கள் இச்சான்றிதழ் இல்லாதவர் கைக்கு எட்டா.

நான்காவது, முதுமை. முப்பது ஆண்டு அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு, கை தளரும் காலத்தில் ஓர் ஓய்வூதியம் வரவேண்டுமானால், அவர் பெயரில் காப்புறுதித் திட்டத்தில் சந்தா ஏறியிருக்க வேண்டும். உதவியாளராக வேலை செய்யும் இளம்பெண்ணுக்கும் அப்படியே. பதிவில்லாத கடையில் உழைத்தவருடைய உழைப்பு, ஓய்வூதியக் கணக்கில் நடக்காத உழைப்பாகவே நிற்கும். என் நோக்கில் மிகக் கொடிய இழப்பு இதுதான். வழக்கில் தோற்பது ஒரு முறை. முதுமையில் வெறுங்கையோடு நிற்பது நாள்தோறும்.

இத்தனையும் கிடைக்கும் என்பதால் பதிவு சுமையன்று என்று சொல்ல நான் வரவில்லை. சுமை உண்டு. மாதம் 7,400 டாலர் என்று மேலே கண்ட கணக்கு, இலாபம் மெலிந்த கடைக்குச் சிறிய தொகையன்று. வரி முதலில் வருகிறது, பயன் பின்னால் வருகிறது. பின்னால் வருவது வந்தே தீரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் முன்னால் கொடுப்பார்.

நிறைவாக

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பதிவு யாருக்காக? 1916ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்காகவே பிறந்தது. ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கப் பிறந்தது. ஆனால் சந்தைப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால், அதே பதிவேடு வேறொன்றாகத் தெரிகிறது. அவர் ஒளிந்திருக்கவில்லை, யாரும் அவரைக் காணவில்லை. ஊர் பேர் தெரியாதவர் என்று சட்டம் அவரை ஒதுக்கி வைத்திருந்தது. அவருக்கு ஊரும் பேரும் தருவதாகப் பதிவேடு அமைந்தால், அது அவருக்கும் உரியதாகிறது. வரி வாங்க மட்டும் அவர் பெயரைக் கேட்டால், அவர் பெயர் சொல்லாமலே போய்விடுவார். ஐந்து வாயிலை ஒரு படிவமாக்கியதும், இலாபமில்லாத ஆண்டிலும் வாங்கிய வரியை நீக்கியதும், அடுப்பையும் வண்டியையும் ஈடாக ஏற்றுக்கொண்டதும் ஜமைக்கா சரியான திசையில் வைத்த அடிகள். உணவுக் கடைக்கு உரிமம் கேட்பதைத் தளர்த்தாமல் இருப்பதும் அதே அளவுக்குச் சரி.

நண்பர்களே, நம்மில் பலர் பெட்டிக்கடை, தையற்கடை, இட்லிக்கடை நடத்தும் வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்தவர்கள். அந்த வீடுகளில் கணக்கு பெரும்பாலும் தலைக்குள் இருக்கிறது. இரசீதுகள் சுவர் ஆணியில் தொங்குகின்றன. ஹாஃப் வே ட்ரீயில் சோறு விற்கும் அம்மையாருக்கும் நம் தாய்மாருக்கும் இடையே கடல்கள் இருக்கலாம்; ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பார்வையில் வேற்றுமை இல்லை. 69ஆம் பிரிவைத் தேர்வுக்குப் படித்த நாம், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நம் தெருவில் ஒரு கடைக்காரருடனாவது அமர்ந்து, அவர் நிரப்ப அஞ்சும் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினால் என்ன? படித்த படிப்புக்கு அதைவிட நல்ல தேர்வு வேறில்லை.